யாருடைய நத்தை

ஏழு வாரம் அந்த நத்தையோடு மாரடித்தவர் ஓவிய டீச்சர். களிமண் நத்தை ஒன்று புத்தக அடுக்கில் ஏறி ஜன்னலைத் தொடுவதுதான் படம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதை இம்மி இம்மியாக நகர்த்த, ஒவ்வொரு நகர்வையும் அவர் போட்டோ எடுத்தார். இரண்டாயிரத்துக்கு மேல் போட்டோ. ஓடியதோ மூன்றே நிமிடம்.

கடைசி வெள்ளிக்கிழமை பாட்டு வாத்தியார் கீபோர்டோடு வந்தார். ஒரே மதியத்தில் இசை சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், பிள்ளைகள் அவர் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

"சார் போட்ட மியூசிக்லதான் டீச்சர் நத்தைக்கு உயிரே வந்துச்சு!" என்றாள் வகுப்பின் வாயாடி.

"அப்ப ஏழு வாரமா செத்தா கிடந்துச்சு?" என்று கேட்டு டீச்சர் சிரித்தார். வயிறு எரிந்தது.

பெற்றோர் கூட்டத்தன்று தலைமை ஆசிரியை, "அடுத்து நம்ம பாட்டு சாரோட படம்" என்று அறிவித்தார். யாரும் திருத்தவில்லை. திரையோரம் நின்ற டீச்சருக்குக் காதெல்லாம் சூடானது. விளக்கு அணைந்ததும் குனிந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

படம் ஊமையாக ஓடியது. 'இப்போது பாருங்கள் என் நத்தையை' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு யாரோ இருமினார்கள், நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசையில் வாயாடியின் முகம் தொங்கிப்போனது. பக்கத்திலிருந்தவள் அழவே தொடங்கிவிட்டாள். நத்தையின் கொம்பு ஒடிந்தபோதெல்லாம் ஒட்டவைத்தவள் அவள்.

டீச்சர் மறுபடி குனிந்தார். வயரைச் சொருகிவிட்டு, "கழண்டிருச்சு, முதல்லேர்ந்து போடறேன்" என்றார்.

இந்த முறை நத்தை வழுக்கிய இடத்தில் இசையும் வழுக்கியது, அரங்கமே சிரித்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

கைதட்டல் நடுவே பாட்டு வாத்தியார் பக்கத்தில் வந்தார். "கழண்டுச்சா, கழட்டினீங்களா?"

"கழட்டினேன்."

"எனக்கும் எரிச்சல்தான் டீச்சர். என் க்ளாஸ்ல பத்து நிமிஷம் உட்காராததுங்க, உங்ககிட்ட ஏழு வாரம் பெட்டிப் பாம்பா உட்கார்ந்துச்சுங்க."

சொல்லிவிட்டு நேரே மைக்கிடம் போய், படம் யாருடையது என்று திருத்தினார்.

பிள்ளைகள் கூச்சலோடு ஓடிவந்து இருவரையும் சூழ்ந்துகொண்டார்கள். யார் பக்கம் எத்தனை பேர் என்று டீச்சரின் கண் தன்னாலேயே எண்ணியது. பாட்டு வாத்தியார் பக்கம் இரண்டு பேர் கூடுதல்.