பதினாறு பலகைகள்

வெல்டிங் பட்டறை அருள்குமார் ஷட்டருக்கு அளவெடுக்க வந்தபோது அப்பாவால் கடையைத் திறக்க முடியவில்லை. பக்கத்துக் கடைப் பெரியப்பா இன்னும் வரவில்லை.

எங்கள் கட்டடம் அப்படி. முகப்பு முழுவதும் பதினாறு செங்குத்துப் பலகைகள். மேலே ஒரே தேக்கு உத்தரம், கீழே ஒரே கல்படி. இரண்டிலும் வெட்டிய காடிக்குள் பலகைகள் நகரும். அவற்றைச் செருகவும் எடுக்கவும் வாய் ஒன்றுதான், பெரியப்பா பக்கத்து ஓரத்தில். பாகம் பிரித்தபோது உள்ளே நடுச்சுவர் எழுப்பினார்கள். வாசலை யாரும் யோசிக்கவில்லை. காலையில் அவருடைய எட்டும் வெளியே வந்த பிறகுதான் எங்களுடையவை வரும். மாலையில் எங்களுடையவை உள்ளே போன பிறகுதான் அவருடையவை.

ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அத்தை மகள் சீரில் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில் வந்த சண்டை. ஆனாலும் தினமும் இரண்டு வேளை, பலகையின் ஒரு பக்கம் அப்பா கையிலும் மறுபக்கம் பெரியப்பா கையிலும் இருக்கும். கல்லூரி முடித்துக் கடையில் உட்கார்ந்த இந்த ஒரு வருடத்தில் அந்த நொடியை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஷட்டர் வந்தால் அதுவும் போய்விடும். அப்பாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

பெரியப்பா வலது தோளைப் பிடித்தபடி வந்தார்.

"இவன் எதுக்குக் கண்ணு வந்திருக்கறான்?"

"ஷட்டர் போடறதுக்குங்க பெரியப்பா."

"நடுவுல உத்தரத்தை அறுத்துத் தூண் நிறுத்தோணுமுங்க," என்றான் அருள்குமார்.

பெரியப்பா முகம் சுருங்கியது. "உங்கப்பன் அறுக்கச் சொன்னானான்னு கேளு."

மூன்றடி தள்ளி நின்ற அப்பா என்னைப் பார்த்தார். "பதினெட்டடிக்கு ஒரே ஷட்டர்னுதான் சொன்னேன்னு சொல்லு சாமி. உத்தரத்துல ஆரும் கை வெக்கப்படாது."

அருள்குமார் சிரித்தான். "ரெண்டு கடைக்கும் சேத்துங்களா? ஒருத்தர் தொறந்தா இன்னொருத்தரும் தொறக்கோணுமேங்க!"

"இப்ப மட்டும் தனித்தனியாவா தொறக்கறோம்?" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "தோள்பட்டை போன ஆளு இன்னும் எத்தனை நாளைக்குப் பலகை தூக்கும்னு கேளு."

நான் கேட்கவில்லை.

"ஷட்டரைத் தூக்கறதுக்கு மட்டும் தோளு வேண்டாமா?" என்றார் பெரியப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார்.

வடகரப்பதி பஸ் வந்து நின்றது. மாட்டுக்கயிறு வாங்க இறங்கியவர்கள், மூடிய கடைக்கு முன் இருவர் மேலே பார்த்து நிற்பதைக் கண்டு, என்னவென்று தெரியாமலே தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.