கவர்னர் படுத்த அறை

அண்ணன் உட்காரச் சொன்னாலே சின்னவருக்குச் சந்தேகம் வரும். அன்றைக்கு நாற்காலியைத் துடைத்து வேறு போட்டார்.

"இந்தப் பழைய வீட்ட இடிக்க வேணாம்டா. பின்னாடியும் மேலயும் கட்டி எட்டு ஃபிளாட் ஆக்கிடலாம். என் பக்கம் நாலு, உன் பக்கம் நாலு. எஞ்சினியர் படமே போட்டுட்டார்."

"சரிண்ணே. எனக்கு இதுல எங்க இடிக்கும்?"

"நல்லது சொன்னாலும் மோந்து பாக்குறியேடா."

சின்னவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிற ஆசாமிகளைத் தினம் பார்க்கிறவர். அண்ணன் தடுமாறாமல் ஒப்பித்ததுதான் அவருக்கு உறுத்தியது.

இடிக்கிற இடம் வாசலிலேயே இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் பெரியவர், அண்ணன்தான், அலையாய் அலைந்து, பழைய கட்டடங்களைக் காக்கும் பாரம்பரிய இலாகாவிடம் வாங்கிப் பதித்த பளிங்குக் கல். ஒரு கவர்னர் இந்த இல்லத்தில் ஓரிரவு தங்கி அருளினார் என்று அதில் பொன்னெழுத்தில் இருக்கும். கார் சக்கரம் கழன்றதால்தான் அருளினார் என்பதை வெட்டக் கல்லில் இடம் போதவில்லை போலும். இப்போது அதே இலாகா, வீட்டைப் பெரிதாக்கிக் கட்டலாம், ஆனால் கவர்னர் படுத்த அறையில் ஆணி அடிக்கக் கூடாது, அதன் தலைக்கு மேல் செங்கல் ஏறக் கூடாது என்றது. அந்த அறை யார் பக்கம் இருக்கிறதோ அவருடைய நாலு ஃபிளாட்டும் போச்சு. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை ஊரார் வந்து பார்க்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

அது அண்ணனுடைய அறைதான். வந்தவன் போனவனையெல்லாம் அங்கே கூட்டிப்போய்க் கட்டிலைத் தொட்டுப்பார்க்கச் சொல்வாள் அண்ணி. அப்படியிருந்தும் அண்ணன் முகத்தில் ஏன் கவலை இல்லை?

மத்தியானம் சாப்பிட வந்த சின்னவருக்கு விடை கிடைத்தது. அந்தச் சித்திரவேலைக் கட்டில் அவருடைய அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"முதுகு வலின்னு சொன்னியாமே. நீயே வச்சுக்க," என்றார் அண்ணன்.

"நான் எப்பண்ணே சொன்னேன்?"

"சொல்லாட்டி என்ன, வராமலா போகும்?"

அவர் போனதும் சின்னவர் மனைவி கதவைச் சாத்தினாள். "தலகாணி உறைகூடத் தராத மனுஷன் கட்டில் தர்றார். நாளைக்கு அதிகாரி வர்றாராமே. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது. ராத்திரியோட ராத்திரியா கவர்னர் எழுந்து நம்ம ரூமுக்கு வந்து படுத்துட்டார்."

மறுநாள் அதிகாரி எஞ்சினியரோடு வந்தார். பெரியவர் சின்னவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். சொந்த வீட்டில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "இந்தப் புனிதமான அறையிலதான் சார்," என்று குரலைத் தாழ்த்தினார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சின்னவர் மறுக்கவில்லை. அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"எங்களுக்கே இப்பதான் தெரியும் சார். இத்தன வருஷமா அண்ணி பாவம், ஒரு சாதாரண ரூம்ல இருந்துட்டு என்னென்னவோ சொல்லிட்டிருந்தாங்க. வயசாகுது, ஞாபகம் பிசகிடுச்சு."

"ஆமாக்கா," என்றாள் அவர் மனைவி. "இனிமே பாக்க வர்றவங்கள நானே கவனிச்சுக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். பயனில்லை.

"யாருக்குடி ஞாபகம் பிசகிடுச்சு? கவர்னர் படுத்தது என் ரூம்ல. கட்டில் நின்ன தடம் இன்னும் தரையில இருக்கு. வாங்க சார், காட்டுறேன்."

தடம் இருந்தது, நாலு காலுக்கும். அதிகாரி குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். எஞ்சினியர் படத்தில் பெரியவர் பக்கத்தை அடித்தார். சின்னவருக்கு மனசு குளிர்ந்தது. அண்ணன் சண்டைக்கு வராதது மட்டும் லேசாக நெருடியது.

அதிகாரி பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். "கவர்னர் தனியாவா வந்தார்? பரிவாரம் தங்கின இடம் இருந்தா அதையும் காப்பாத்தணும்."

பெரியவர் அன்றைக்கு முதல்முறையாகத் தம்பியைப் பார்த்துப் பாசத்தோடு சிரித்தார்.

"கூட சமையல்காரர் வந்தார் சார்," என்று தம்பி அறைப் பக்கம் திரும்பினார். "வாங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க."