சேலைக்குப் போன கார்

கிழக்கு வெளுக்கும் முன்பே கான்சாபுரம் வயலில் பெண்கள் கணுக்காலுக்கு மேல் சேற்றில் நின்றார்கள். இடக்கையில் நாற்று முடி, வலக்கைப் பெருவிரலால் சேற்றில் ஓர் அழுத்து, பின்னால் ஓர் எட்டு. மறுபடி அழுத்து, மறுபடி எட்டு. ஒரு பத்தி நட்டு இடுப்பை நிமிர்த்தினால் வரப்பிலிருந்து "ஒன் மோர்!" என்று சத்தம் வரும். உடனே நட்டதையெல்லாம் பிடுங்க வேண்டும். கால்தடம் தெரியாமல் சேற்றைத் தடவிவிட்டு மறுபடி முதலிலிருந்து நட வேண்டும். சினிமாவில் நடவு அப்போதுதான் தொடங்குகிறதாம்.

"நட்ட நாத்தைப் பிடுங்குத பொழப்பு எங்கயாவது உண்டுமா? வெளங்குமா இது?" என்றாள் பிச்சையம்மாள். வ. புதுப்பட்டியிலிருந்து இத்தனை பெண்களையும் வீடு வீடாகப் போய்த் திரட்டிக் கூட்டிவந்தவள் அவள்தான். கூலி, நடவுக் கூலியைவிடக் குறைச்சல். ஆனாலும் வந்தார்கள். இந்தப் பக்கம் இன்னும் எந்த வயலிலும் நடவு தொடங்கவில்லை; அடுப்பு அதற்காகக் காத்திருக்குமா?

படம் எடுக்கிறவன் யதிராஜன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகாமல் கேமராவைத் தூக்கியவன். கூலி உயர்வு கேட்டு வயலை விட்டு வெளியேறும் பெண்களைப் பற்றித்தான் அவன் கதை. நல்ல கதைதான், குற்றம் சொல்ல மாட்டேன். பணம் போட்டவர் ராஜபாளையம் பாண்டிதுரை. பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருப்பவர். ஊரார் காயத்தில் பிழைப்பு நடத்துகிறவர் என்று இவரைச் சொல்வது மரியாதை இல்லைதான், சொல்லிவிட்டேன், போகட்டும்.

பிச்சையம்மாளுக்குக் கூலிகூட இரண்டாம் பட்சம். அவள் வயிறு வேறு காரணத்துக்கு எரிந்தது. இத்தனை பேரில் யதிராஜன் பொறுக்கி எடுத்த முகம் குருவம்மாளுடையது. குருவம்மாள் யார்? பிச்சையம்மாளின் புருஷன் வீரணனுடைய தங்கச்சி. சொந்த நாத்தனார்! ஊரில் வேறு மூஞ்சியே கிடைக்கவில்லையா?

ஷாட்டுக்கு ஷாட் அவளுக்கு ஒருத்தன் குடை பிடித்தான். இன்னொருத்தன் பவுடர் ஒற்றினான். மற்றவர்களுக்குத் தக்காளிச் சோற்றுப் பொட்டலம் என்றால் அவளுக்கு டைரக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பூரி. வீட்டுக்குப் போனாலும் பிச்சையம்மாளை விட்டதா? "எங்கம்மா சாயல் அப்படியே அவளுக்கு. அதான் கேமராவுக்குப் பிடிச்சுப்போச்சு" என்று வீரணன் இரவெல்லாம் தங்கச்சி புராணம் பாடினான்.

"ஆமா, உங்கம்மா பெரிய ரதி!" என்று பிச்சையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று காலை, இருட்டு முழுதும் விலகாத வெளிச்சத்தில் குருவம்மாள் முகத்தை மட்டும் துலக்கிக் காட்ட உயரத்திலிருந்து பெரிய லைட் வேண்டியிருந்தது. இரும்பு ஸ்டாண்டுக்கு வாடகை கொடுக்க மனசில்லாமல் மூங்கிலால் சாரம் கட்டச் சொன்னார் பாண்டிதுரை. லைட் வேலை யாசினுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்ப்பவன்.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கயிறு இழுத்துக் கட்டணும். மலைக்காத்து எறங்குச்சுன்னா சாரம் நிக்காது" என்றான் யாசின்.

"கயிறு வாங்க வத்திராயிருப்புக்குப் போயி வாரதுக்குள்ள விடிஞ்சிரும்லே. செத்த நேரம் நிக்காதாக்கும்? ஏத்துலே லைட்ட."

ஏற்றினான். நாலாவது தடவை நட்டுக்கொண்டிருக்கையில் சதுரகிரிப் பக்கமிருந்து காற்று இறங்கியது. சாரம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று யாசின் அலறினான். சேற்றில் எங்கே ஓட? மூங்கில் குருவம்மாளின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் வரப்புக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

தங்கச்சி நடிப்பதைப் பார்க்க வந்திருந்த வீரணனும் யாசினும் அவளைத் தூக்கி வந்து வரப்பில் கிடத்தினார்கள். கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாசின் ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தான். பாண்டிதுரை அவன் கையைப் பிடித்தார்.

"நூத்தியெட்டுக் கூப்பிடாதே. போலீசு வரும். ஷூட்டிங்குக்குப் பெர்மிஷன் வாங்கல."

"அப்ப உங்க கார்ல ஏத்துங்க அண்ணாச்சி!"

"கார்ல லென்சு எல்லாம் இருக்கு. சேறும் ரத்தமும் பட்டா யாரு பதில் சொல்லுதது?"

தேங்காய் ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்றை மறித்தார்கள். தேங்காய் மூட்டைகளை ஓரமாய்த் தள்ளி, நடுவில் குருவம்மாளைப் படுக்கவைத்து, வீரணன் கூடப் போனான்.

வெயில் ஏறியது. யதிராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பையனுக்குக் கண் கலங்கியிருந்தது, அது உண்மை. ஆனால் கலங்கிய கண்ணோடேயே பிச்சையம்மாளைப் பார்த்தான். எழுந்தான். சுற்றி வந்து முதுகைப் பார்த்தான்.

"அக்கா, அதே உயரம். அதே தோள். வயலை விட்டு வெளியேறுற கடைசி ஷாட்ல முதுகுதான் தெரியும். குருவம்மாவுக்குப் பதிலா நீங்க நடங்க. முன்னால நீங்க, பின்னால எல்லாரும்."

பிச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நானா சார்? நெசமாவா?"

"நீங்கதான். ஆனா சேலை அதே சேலையா இருக்கணும். மாறினா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

உடுப்பு வாங்கக் காசில்லாத படம் அது. குருவம்மாள் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலை அவளுடைய சொந்தச் சேலை. அதுவும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

பாண்டிதுரை டிரைவரைக் கூப்பிட்டார். லென்சுப் பெட்டிகளை எடுத்து மரத்தடியில் வைக்கச் சொன்னார். காரின் பின்கதவைத் தானே திறந்துவிட்டார்.

"ஏறும்மா. வில்லிபுத்தூர் போயி சேலைய வாங்கிட்டு வெரசா வந்துரு."

ஏறினாள். சந்தோஷமாகத்தான் ஏறினாள், அதை ஏன் மழுப்ப வேண்டும்? வழியெல்லாம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். வீரணன் இனி யார் சாயல் என்று சொல்வான், பார்ப்போம். டிரைவர் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். மேடு பள்ளத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, அப்படி வண்டி.

ஆஸ்பத்திரி நடையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள் குருவம்மாள். காலில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சேறு காய்ந்து சேலையோடு ஒட்டியிருந்தது. பிச்சையம்மாள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா நடிக்கப் போறிய மதினி? நல்லதாப் போச்சு! அண்ணன் துண்டைச் சுத்திக்கிடுதேன், சேலைய உருவிக்கோங்க. நடக்கையில கேமராவத் திரும்பிப் பாத்துராதிய, டைரக்டருக்குக் கோவம் வந்துரும்."

"வலிக்குதாட்டி?"

"இப்பப் பரவால்ல. அந்த லோடு வண்டி குலுங்கையிலதான் உசுரே போயிட்டுது. தேங்கா மூட்டை வேற கால்மேல உருண்டு உருண்டு…" குரலைத் தாழ்த்தினாள். "நர்சம்மா கேட்டாவ. வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். பாண்டிதுரை அண்ணாச்சி போன் போட்டு அப்படித்தான் சொல்லச் சொன்னாவ. உள்ளதச் சொன்னா படம் நின்னு போயி உங்க அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிருமாம். என்னால நீங்க எதுக்கு மதினி கஷ்டப்படணும்?"

பிச்சையம்மாள் தன் காலைப் பார்த்தாள். அந்தக் காரில் இவள் காலை நீட்டிப் படுத்து வந்திருக்கலாம். சேறு படக்கூடாது என்று சொன்ன அதே சீட்டில், அதே சேற்றுக் காலோடு, தான் இப்போது வந்து இறங்கியிருக்கிறாள். ஆளுக்கு வராத கார், சேலைக்கு வந்துவிட்டது.

அதற்கு மேலேயும் ஒரு எரிச்சல் அவளுக்கு. கால் முறிந்து கிடக்கும்போதும் இவள்தானே பெரிய மனுஷி ஆகிறாள்!

"ஏட்டி, இதுலயும் நீதான் முந்திக்கிடணுமா? பூரியும் உனக்கு, குடையும் உனக்கு, இப்பத் தியாகிப் பட்டமும் உனக்கா? எங்க கஞ்சிக்கு உன் கால யாருட்டி கேட்டா? நல்ல பேரு வாங்குறதுக்கு எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி!"

விறுவிறுவென்று நர்சிடம் போனாள். "யம்மா, அவ வழுக்கி விழல. சினிமாப் படம் எடுக்கையில சாரம் சரிஞ்சு விழுந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன். மாத்தி எழுதுங்க. சொன்னது பிச்சையம்மாள், வ. புதுப்பட்டின்னு போடுங்க."

வீரணன் வாயைத் திறந்தபடி நின்றான். "நீரு என்ன பாக்கீரு? தங்கச்சி பக்கத்துலயே இரும்" என்றுவிட்டுக் காரில் ஏறினாள்.

வயலில் இறங்கியபோது கை வெறுங்கை.

"சேலை எங்க?" என்றார் பாண்டிதுரை.

"உடுத்தியிருக்கவகிட்ட இருக்கு. நடந்தது நடந்தபடி ஆஸ்பத்திரில எழுதியாச்சு அண்ணாச்சி. அவ கால் நேராகுற வரைக்கும் வைத்தியம் உங்க பொறுப்புன்னு நீங்களே அங்க போயிச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நாத்தத் தொடமாட்டேன்."

"நீ போனா இன்னொருத்தி. கிருஷ்ணன்கோவில்ல ஆளா இல்ல?"

பிச்சையம்மாள், ஷாட்டுக்காக மறுபடி சேற்றில் இறங்கி நின்ற பெண்கள் பக்கம் திரும்பி ஆஸ்பத்திரியில் கண்டதை, லோடு வண்டியிலிருந்து பொய் வரைக்கும், ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். முதலில் யாரும் அசையவில்லை. அடுப்பு எல்லோர் வீட்டிலும் உண்டு. பிறகு ஒருத்தி நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. சேற்றிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் வரப்புக்கு வந்துவிட்டார்கள்.

யாசின் படப்பிடிப்புக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தினான்.

"ஏலே, உனக்கென்ன வந்துச்சு?"

"கயிறு கேட்டவன் நான்தான் அண்ணாச்சி. கேக்குத எடத்துல எல்லாம் அதச் சொல்லுவேன்."

"இனி ராசபாளையம் பக்கம் ஒரு லைட்டு தூக்க விடமாட்டேன் உன்னய!"

"தூக்கத்தான் விடமாட்டிய. சொல்லுததத் தடுக்க முடியாதுல்ல?" என்று யாசின் பெண்களோடு வந்து உட்கார்ந்தான்.

யதிராஜன் பிச்சையம்மாள் முன்னால் குந்தினான். "அக்கா, நான் உங்க கதையத்தான் எடுக்கிறேன்."

"கதை எங்களுதுதான் சார். காலும் எங்களுது."

"முதுகு வேண்டாம். முகத்தையே எடுக்கிறேன். க்ளோசப். குருவம்மாவோட வசனம் எல்லாம் உங்களுக்கே. முதல்ல இருந்து திரும்ப எடுக்கிறேன், சேலைகூட வேண்டாம்."

வரப்பில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எத்தனை ராத்திரித் தூக்கத்தைத் தின்ற ஆசை! கூப்பிடு தூரத்தில் கேமரா அவளைப் பார்த்து நின்றது. இந்த வாய்ப்பு இன்னொரு தடவை வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மடியில் போன் அடித்தது. குருவம்மாள்.

"மதினி, உங்க சீன் எடுத்தாச்சா?"

பிச்சையம்மாள் யதிராஜனைப் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்: "எடுக்கலட்டி. நீ எந்திரிச்சு வந்து நீயே நடி. நான் பாத்து வயிறெரிஞ்சுக்கிடுதேன்."

வரப்பில் ஒருத்தி குபீரென்று சிரித்தாள், பிறகு எல்லோரும். பாண்டிதுரை கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.