மாமாவின் பிளந்த நகம்

அர்ச்சுனனிடம் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டார். தங்கை மகள் லோஷினியைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். ரந்தாவ் ஊர் ஒட்டுக்கடைக்குள் அவர் தலை தெரிந்ததும் சிலர் தேத்தண்ணிக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவதாகப் பேச்சு உண்டு. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? நகர்ந்து போனவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வேலை பார்க்கிறவருக்குக் குரலுக்கா பஞ்சம்?

பெருமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. லோஷினிக்கு ஒன்பது வயது, தோட்டத்துக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய வகுப்பாசிரியை ரோகினி இந்த வருடம் வகுப்பின் மூலையில் இரண்டு அட்டைப் பெட்டிகளை வைத்திருந்தார். ஒன்றின்மேல் 'நடந்தது' என்று எழுதியிருக்கும். மற்றதன்மேல் 'கதை'. கைப்பேசியில் வருகிற படம், சுவரொட்டியில் பார்த்த படம், எதை வேண்டுமானாலும் பிள்ளைகள் கொண்டுவரலாம். ஆனால் பெட்டிக்குள் போடுமுன் ஏன் இந்தப் பெட்டி என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பார்த்தாலே தெரிகிறது என்று சொன்னால் டீச்சர் விடமாட்டார். எதைப் பார்த்தாய், அதைச் சொல் என்பார். கதைப் பெட்டிக்குப் போகிற படம் கெட்ட படம் இல்லை என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். பறக்கிற யானையைப் பார்த்துத் தாராளமாகச் சந்தோஷப்படலாம், அதற்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் நிற்காமல் இருந்தால் சரி.

லோஷினிக்கு இந்த வேலை கைவந்துவிட்டது. சமையல் எண்ணெய் விளம்பரம் ஒன்றில் செம்பனைக் குலைகள் தேங்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததை அவள்தான் பிடித்தாள். குலை மட்டையிடுக்கில் அல்லவா உட்கார்ந்திருக்கும்? வருடக்கணக்காகக் குலை வெட்டிய அர்ச்சுனனே அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர்தான். அடுத்தது மலைப்பாம்பு. கோலா பிலா சாலையில் லாரியை விழுங்கும் மலைப்பாம்பு என்று ஒரு படம் வந்தது. அர்ச்சுனன் அதைத் தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வேறு செய்திருந்தார். லோஷினி கைப்பேசியை வாங்கி, படத்தில் இருந்த சாலைப் பலகையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இது மலாயும் இல்ல, சீனமும் இல்ல, தமிழும் இல்ல. எழுத்தே இல்ல மாமா, எழுத்து மாதிரி கிறுக்கி வெச்சிருக்கு" என்றாள்.

வேறு யாராவது என்றால் மானம் போயிற்றே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அர்ச்சுனன் அவள் சொன்னதை அவள் குரலிலேயே பதிவு செய்து, பாம்புப் படம் அனுப்பிய அத்தனை பேருக்கும் மறுபடி அனுப்பினார். என் மருமகள் கண்ணில் எதுவும் தப்பாது என்று கடைசியில் தன் குரலையும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கண் ஒரு நாள் தன் பக்கமே திரும்பும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பெற்றோர் நாளுக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் இருக்கிற ஒரு படத்தைக் கொண்டுவந்து, அது நடந்ததுதான் என்று பெற்றோர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்று வேலை முடிந்து அர்ச்சுனன் வீட்டுக்குள் நுழைந்தபோது லோஷினி நாற்காலி மேல் ஏறி நின்று, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தன் அப்பா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்தப் படத்தில் லோஷினியின் அப்பா சத்தியசீலன் கோடு போட்ட நீலச் சட்டையில், துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருப்பார். குழந்தை லோஷினிதான். ஆனால் சத்தியசீலன் அவளைத் தூக்கியதே இல்லை. தங்கை மாதவி வயிற்றில் அவள் இருக்கும்போதே ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைக்கு அப்பாவோடு ஒரு படமாவது வேண்டாமா என்று அர்ச்சுனன்தான் ஏற்பாடு செய்தார். நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் போன தகப்பனையும் குடும்பப் படத்தில் பட்டு வேட்டியோடு நிற்க வைத்துவிடுவோம். படக்கடைக்காரர் தலையை ஒட்டிவிடலாம், ஆனால் குழந்தையைப் பிடிக்க ஓர் உடம்பு வேண்டும் என்றார். அர்ச்சுனன் மச்சானின் சட்டையை மாட்டிக்கொண்டு குழந்தையை ஏந்தினார். தலை மட்டும் கல்யாணப் படத்திலிருந்து வந்தது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. நான்கு வயதில் லோஷினி, அப்பா என்னைத் தூக்கினாரா என்று கேட்டபோது, தூக்கினாராவது, உன்னைக் கீழேயே விடமாட்டாரே என்று அளந்துவிட்டார். அப்புறம் அவள் கேட்கக் கேட்க அது வளர்ந்தது. தாலாட்டுப் பாடினார், செம்பனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் குருவி காட்டினார் என்று என்னென்னவோ. கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கை வீடே தன் வீடு என்று இருந்துவிட்ட மனிதர். அந்தப் பிள்ளை சிரித்தால் போதும், எதையும் சொல்வார்.

இப்போது அந்தப் பிள்ளை நாற்காலியில் நிற்கிறாள். படத்தில் குழந்தையின் வெள்ளைத் துண்டின்மேல் ஒரு கட்டைவிரல் பளிச்சென்று தெரிகிறது. அந்த விரலின் நகம் நடுவே பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது. குலை வெட்டும் அரிவாள் பட்டு அர்ச்சுனனுக்கு வந்த நகம் அது. தலையைக் கவனமாக ஒட்டியவர் விரலை மறந்துவிட்டார்.

தைப்பூசத்தில் மாமா காவடி எடுத்த படம் இருக்கிறதே, அதைக் கொண்டு போயேன் என்று அர்ச்சுனன் சொல்லிப் பார்த்தார். அது நடந்ததுதான் என்று ஊருக்கே தெரியும், அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டுவிட்டாள். சட்டம் ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று படத்தைக் கழற்றப் போனார். அவள் ஏற்கெனவே அம்மாவின் கைப்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தாள். கடைசியில் மனிதர் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு, வேலையில் அடிபட்டுவிட்டது என்றார். சாப்பிடும்போதும் பிளாஸ்டர், தூங்கும்போதும் பிளாஸ்டர்.

மாதவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவ கண்ணுல எதுவும் தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. இப்ப இது ஒண்ணு மட்டும் தப்பணும்னு வேண்டிக்குங்க" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "சொல்லிடுங்கண்ணே. அவ தாங்கிக்குவா."

"அவ தாங்கிக்குவா. நான் தாங்கணும்லா" என்றார் அர்ச்சுனன். "இதைச் சொல்லிட்டா, அப்புறம் நான் எது சொன்னாலும் கதைப் பெட்டியிலதான் போடுவா."

அதுதான் அவர் பயம். அவள் அழுதால் சமாதானம் செய்துவிடலாம். ஆனால் மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று நிமிர்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது போய்விட்டால் எங்கே போய் வாங்குவது?

பெற்றோர் நாளன்று காலையில் லோஷினியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தோட்டத்துச் செம்மண் பாதை முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினார். பள்ளி வாசலில் இறங்கும்போது, மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மாதவி தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். பெற்றோர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் தன் பிறந்தநாள் கேக்கை நிரூபித்தான். ஒரு பெண் தன் பூனையை நிரூபித்தாள். பிறகு லோஷினி எழுந்து போய், பெரிதாக்கிய அப்பா படத்தை வெள்ளைப் பலகையில் ஒட்டினாள்.

"இதை நடந்தது பெட்டிக்குன்னுதான் எடுத்தேன் டீச்சர். பார்க்கப் பார்க்க இல்லைன்னு தெரிஞ்சிருச்சு" என்றாள்.

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அப்பா முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், பாப்பா முகத்தில் வலப்பக்கம். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே மெல்லிசாக ஒரு கோடு. பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா பாப்பாவைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்க்கிறார். அதைவிட முக்கியம், அப்பாவின் காதுக்கு மேலே முடியில் மஞ்சளாக ஓர் அரிசி ஒட்டியிருக்கிறது. வீட்டில் பாப்பாவைத் தூக்குகிறவர் தலையில் அட்சதை எப்படி வரும்? கல்யாணப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதே தலை, அதே அரிசி. அங்கே அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஒன்பது வருடமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அர்ச்சுனன் அந்த அரிசியைப் பார்த்ததில்லை. அத்தனை பயத்திலும் மனிதரால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து, என் மருமகள் என்றார்.

"அப்புறம் அப்பாவோட மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். முகம் ஒண்ணுதானான்னு பார்க்க மாலையைத் தள்ளினேன்" என்றாள் லோஷினி. "கீழ அப்பா இறந்த தேதி இருந்துச்சு. நான் அதுக்கு அப்புறம்தான் பொறந்திருக்கேன்."

பொய்யை ஒரு சுவரில் மாட்டிவிட்டு, அதற்கு எதிர்ச் சுவரிலேயே உண்மையை மாலை போட்டு, விளக்கேற்றி, தினமும் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். மாலைக்குக் கீழே இருக்கிற எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

"அப்ப என்னைத் தூக்கினது யாரு?" என்று கேட்டுவிட்டு லோஷினி மாமாவைப் பார்த்தாள்.

ரோகினி டீச்சர், இதோடு போதுமா என்று கேட்கிற மாதிரி மாதவியைப் பார்த்தார். மாதவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, நடக்கட்டும் என்று தலையசைத்தாள். அர்ச்சுனனுக்குத் தப்பிக்க ஒரு கணம் இருந்தது. படக்கடைக்காரர் கையாக இருக்கும் என்று சொல்லலாம். விரலில் பிளாஸ்டர் பத்திரமாக இருக்கிறது. லோஷினி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள், மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற அதே பார்வை.

அவர் எழுந்தார். குட்டி நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. அதைத் தட்டிவிட்டு முன்னால் போய், பிளாஸ்டரைப் பிய்த்து எடுத்து, கட்டைவிரலைப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"என் கைதான் டீச்சர்" என்றார். பிறகு லோஷினி பக்கம் திரும்பினார். "மாமாதான்மா தூக்கினேன். அப்பா உன்னைப் பார்க்கல. நீ வரதுக்குள்ள போயிட்டாரு. தூக்கினாரு, பாட்டு பாடினாருன்னு நான் சொன்னதெல்லாம் கதை."

லோஷினி, விடை சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். "தெரியும் மாமா. உங்க பிளாஸ்டர் ஒரு நாள் இந்தக் கையில இருந்துச்சு, ஒரு நாள் அந்தக் கையில இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. அர்ச்சுனனும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. அவள் பலகையிலிருந்து படத்தை எடுத்து, கொஞ்சமும் தயங்காமல் கதைப் பெட்டிக்குள் போட்டாள். சொந்த அப்பா படம் என்று ஒரு சலுகையும் காட்டவில்லை. அதைப் பார்த்தபோது அவருக்கு நெஞ்சு விம்மியது. இப்படி ஒரு பிள்ளையைத் தன் தங்கை பெற்றிருக்கிறாள், இந்தக் கை அதை ஏந்தியிருக்கிறது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பிளந்த நகத்தோடு, நடந்தது பெட்டிக்குள் வைத்தாள்.

"ஏன் இந்தப் பெட்டி?" என்று கேட்டார் ரோகினி டீச்சர். விதி என்றால் விதிதான்.

"படத்துல பாப்பா நான்தான் டீச்சர். கீழ விடாம பிடிச்சிருக்கிறது இந்தக் கைதான். நகம் இருக்கு பாருங்க" என்றாள் லோஷினி.

அர்ச்சுனன் கையை வெளியே எடுக்கவில்லை. பெட்டிமேல் குனிந்தபடியே நின்றார். அடுத்த பிள்ளை தன் படத்தோடு வந்து, "அங்கிள், கொஞ்சம் கையை எடுங்க, நான் போடணும்" என்று சொல்லும்வரை அப்படியே நின்றார்.