இடக்கைக் கையுறை

“விடுங்கோ, நான் போட்டுவிடுறன்” என்று, பிரேதத்தை அலங்கரிக்க வந்த மலர்ச்சாலைக்காரரிடமிருந்த வெள்ளைக் கையுறைகளை யசிந்தா பறிக்காத குறையாக வாங்கினாள். நேற்று நெஞ்சுவலியில் போன புருஷன் கிறிஸ்துநாயகம் பெட்டிக்குள் கோட்டும் சூட்டுமாகக் கிடந்தார். வலக்கை சொன்னபடி கேட்டது. இடக்கைதான் அடம்பிடித்தது. கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல்நுனிகள் துணியில் கொழுவின.

ஆளுயர வயலின் போலிருக்கும் டபுள் பேஸை முப்பது வருஷம் மீட்டிய விரல்கள். குருநகர்க் கல்யாண வீடுகளில் பைலா வாசிக்கத் தொடங்கிய மனுஷன், ஜாஸ் என்று கொழும்புக்குப் போனார். பிறகு ஹோட்டல், கப்பல், மறுபடி ஹோட்டல். சண்டையில் பாதை மூடாமல் திறந்திருந்தால் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார். வீட்டுக்கு வந்த படங்கள் எல்லாவற்றிலும் அவருக்குப் பக்கத்தில் பாட்டுக்காரி மொறீன் நின்றாள். யசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

ஓய்வு பெற்று வந்தபிறகு பேஸ் உறைக்குள்ளேயே நின்றது. விரல்கள்தான் ஓயவில்லை. நித்திரையில் யசிந்தாவின் முன்கையில் ஏறி இறங்கும். என்ன பாட்டென்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் அந்தப் பாட்டுக்காரியின் பாட்டுத்தான் என்று பொருமிக்கொண்டு, ஆனால் கையை இழுக்காமல், விழித்துக் கிடப்பாள்.

“அம்மா, மொறீன் அன்ரி வந்திருக்கிறா” என்றான் மகன் ஜெனிஸ்ரன்.

எழுபதைத் தொட்டவள். செத்த வீட்டுக்கும் உதட்டுச்சாயம்! பெட்டிக்குக் கிட்ட வந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத் தேடினாள்.

“அக்கா, அந்த கிளவுஸை ஒருக்கா கழட்ட ஏலுமா? அவர் கண்ணை மூடிட்டுத்தான் வாசிப்பார். நான் அவர்ட விரலைப் பார்த்துத்தான் பாட்டை எடுப்பேன்.”

“போட்டது போட்டபடி கிடக்கட்டும்.”

மொறீன் தலையாட்டினாள். “வீட்டில வாசிப்பாரா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றாள் யசிந்தா. “ஒவ்வொரு இரவும். எனக்கு மட்டும்.”

மொறீன் நிமிர்ந்து யசிந்தாவைப் பார்த்தாள். “எனக்கு ஒருநாளும் தனியா வாசிச்சுக் காட்டல்ல. எத்தனை தரம் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிடுவார்.”

அந்த முகம் யசிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். முப்பது வருஷமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது. பொய் சொல்லிவிட்டேனோ என்று யோசித்தாள். பொய்யில்லை என்று அப்போதுதான் பட்டது.

சுவாமியார் செபத்தை முடித்தார். பெட்டியை மூட வந்தவர்களை யசிந்தா கைகாட்டி நிறுத்தினாள். இடக்கைக் கையுறையை உருவினாள். குளிர்ந்த விரல்களைத் தன் முன்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையைச் செபமாலைக்கு மேல் வைத்துவிட்டு, கையுறையை மொறீனிடம் நீட்டினாள்.

“இது உங்களுக்கு.”

மூடி இறங்கியது. மொறீன் வெறுங் கையுறையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். யசிந்தா சேலைத் தலைப்பை இழுத்துத் தன் முன்கையைப் போர்த்திக்கொண்டாள்.