மூங்கில்கொல்லை ஊற்றைக் கொண்டுபோனவர்

1979 சித்திரை இரண்டாம் ஞாயிறன்று, ஜவ்வாது மலை மூங்கில்கொல்லையின் ஊற்றை மெட்ராஸ்காரர் ஒருவர் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. மூடியைத் திருகும்போது தளும்பியதையும் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு வாரப் பத்திரிகையால் வந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் சலித்தவர்கள் பார்க்க வேண்டிய சிற்றூர்கள் என்று பன்னிரண்டு பெயர்களைப் போட்டிருந்தார்கள். எழுதிய ஆள் பன்னிரண்டில் ஒன்றையும் பார்த்ததில்லை. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் வந்தார்கள். காவலூரில் தொலைநோக்கி பார்க்கப் போய், பகலில் நட்சத்திரம் தெரியாது என்பதை அங்கே போன பிறகு கண்டுபிடித்த படிப்பாளிகளும் ஜீப் பிடித்து வந்தார்கள். புளியோதரை தின்றார்கள், இலையைத் தின்ற இடத்திலேயே போட்டார்கள், எதைப் பார்த்தாலும் அழகு அழகு என்றார்கள்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அது அப்புறம் அங்கே தங்கக் கூடாது, கட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும். அதனால் மலைக்காரர்கள் அடுத்தவர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு அந்த அடக்கம் ஏது? வேலூர் ஜவுளிக்கடைக்காரர் மனைவி பலாமரத்து நிழலைப் புகழ்ந்தார். பாய் மாதிரிச் சுருட்டி அவர் கார் மேல் கட்டினார்கள். கண்ணமங்கலத்து வாத்தியார் ஒருவர் காலைப் பனியைத் தலையணை உறையில் அடைத்துக்கொண்டு போனார். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஊற்று போனதும்தான் உறைத்தது. அதை நம்பி மங்கம்மாளுக்கு அரைக் காணி நெல் இருந்தது, பால் பிடிக்கிற பருவம். அது காய்ந்தால் அவளும் புருஷன் காசியும் செங்கத்துப் பக்கம் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும். ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரியிடம் போய் நின்றாள்.

"இன்னாத்துக்கு மாமா அத்தக் குட்த்த?"

"நல்லா கீதுன்னுட்டாரு. நான் இன்னா பண்றது, வழக்கமாச்சே."

"உன் மீசைய நல்லா கீதுன்னு சொல்லாம வுட்டாரே, அதுவரிக்கும் சந்தோசம்."

ஊற்றைக் கொண்டுபோன மெட்ராஸ்காரர் ஆதிநாராயணன், தன் உத்தியோகம் நாலு வரிக்கு அச்சடித்த அட்டையை ஊரில் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அதை நீட்டி நீட்டி வழி கேட்டு, மங்கம்மாள் இரண்டு பஸ் மாறி மெட்ராஸில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஊற்று கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு தங்கமீன்.

வழக்கப்படி, "இந்தத் தண்ணி ரொம்ப நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமாம், எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று அவர் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றும் ஏறவில்லை. நாலாம் முறை அவரை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள்.

"தூ, நீயும் ஒரு தண்ணியா? மீன் மூத்திரத்துல சொகமா கெடக்கறியே, ரோசங்கெட்டவளே! எங்கூர்ப் பன்னி உங்கிட்ட வாய் வெக்காது."

பிறந்ததிலிருந்து புகழ்ச்சியையே கேட்டு வளர்ந்த ஊற்று, ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டியைத் தாண்டி வழிந்து, கம்பளத்தை நனைத்து, படியிறங்கி அவள் பின்னாலேயே நடந்தது. அவள் திட்டுவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. எனவே திருவண்ணாமலை தாண்டி ஊர் வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.

"யம்மா, உன் பின்னாடி வர்றது இன்னாது?" என்றார் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர்.

"எங்கூர்துங்க. கால தூக்கிக்கினு குந்துங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் வயலில் தண்ணீர் பாய்ந்தது. வைகாசியில் அறுத்தார்கள், சூளைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் மூங்கில்கொல்லையில் யாரும் ஊற்றைத் திட்டாமல் மடை திறப்பதில்லை. அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். திங்களும் வியாழனும் மங்கம்மாள் முறை. அந்த இரண்டு நாளும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வரும்.