ஊருக்கே புரையேற்றிய கதை

கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள் மதியச் சாப்பாட்டின்போது தன் கணவரைப் பற்றி வாய் திறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஊரில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டுமல்ல. தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்த நீதிபதிக்கும் ஏறியது. பல் பிடுங்க வாயைத் திறந்து படுத்திருந்தவருக்கும் ஏறியது, பிடுங்க வந்த மருத்துவருக்கும் ஏறியது. யாராவது நம்மைப் பற்றிப் பேசினால் புரையேறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் பேசியது ஒரே ஓர் ஆளைப் பற்றி.

பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவர் சமையலறையில் நின்று உப்பு டப்பாவைக் காணோம் என்று கத்துவார். குளித்துக்கொண்டிருக்கும் இவள், உங்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது என்பாள். இல்லவே இல்லை என்பார். இவள் ஈரத்தலையோடு ஓடிவந்து மூக்குக்கு நேரே இருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தால், "முன்னாடி இது இங்க இல்ல" என்பார். இத்தனைக்கும் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பவர். "அக்கா, இது எங்க வீட்டு டப்பா" என்றாள் காலர் வெட்டுபவள். "எங்க வீட்ல சீப்பு" என்றாள் இஸ்திரி போடுபவள். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் கதை, தினமும் புரை. இதில் ஒரு கணக்கு இருந்தது. ஆம்பளைங்களே இப்படித்தான் என்று அவள் பொத்தாம்பொதுவாகச் சொன்ன நாளில் யாருக்கும் தொண்டைகூடக் கமறவில்லை, பெண்களும் சிரிக்கவில்லை. லேசான காய்ச்சலில் படுத்த கணவர் தன் தங்கைக்குப் போன் போட்டு, "என் சட்டையெல்லாம் மாப்பிள்ளைக்குக் குடுத்துடும்மா. அந்த நீலச் சட்டை மட்டும் வேணாம், ஒருவேளை நான் பொழச்சுக்கிட்டேன்னா" என்று அழுததை, அந்தச் சட்டைப்பையின் மைக்கறை வரைக்கும் அவள் சொன்ன நாளில், ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவர் இருமி முடிப்பதற்குள் இரண்டு ரயில்கள் சொல்லாமலே கிளம்பிப் போய்விட்டன.

ஆண்கள் தொழிற்சாலை மேலாளரிடம் வந்தார்கள். கூட்டமாக அல்ல, ஒவ்வொருவராக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. என் வீட்டு விஷயம் உங்கள் பொத்தான்காரியின் வாய்க்கு எப்படிப் போனது, இது வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சரக்கு வாங்க வந்தவர்களின் முன்னால் புதுக் கோட்டின் மீதே இருமித் தொலைத்திருந்த மேலாளருக்கும் அதே சந்தேகம்தான். முதலில் அவர் ஒரு நகைச்சுவை வல்லுநரைப் பிடித்து, யார் மனதையும் புண்படுத்தாத கதைகளை எழுதவைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அந்தக் கதைகளில் வந்த ஆளுக்கு வீடில்லை, மனைவியில்லை, காய்ச்சல்கூட வரவில்லை. ஒருவருக்கும் புரையேறவில்லை. கேட்ட பெண்கள் தூக்கக் கலக்கத்தில் கோட்டுகளின் முதுகில் பொத்தான் தைத்தார்கள்.

கடைசியில் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "உன் புருஷனைப் பத்திதான் பேசறேன்னா அவரை இங்க கூட்டிட்டு வா. அவருக்குப் புரையேறினா அது உன் வீட்டுக் கதை, நீ என்னவோ சொல்லிக்கோ. ஏறலைன்னா ஊரான் வீட்டுக் கதை. அப்புறம் நீ வேலைக்கு வர வேண்டாம்." வேலை போனால் மிச்ச ஆயுளுக்கும் உப்பு டப்பா எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்று அவளுக்குத் தெரியும்.

விசாரணைக்கு ஊர் ஆண்கள் ஆளுக்கொரு தண்ணீர் ஜாடியோடு வந்து உட்கார்ந்தார்கள். கணவர் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் டீ கொடுத்தார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டப்பாவைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள், மைக்கறையைச் சொன்னாள். நீதிபதி நாற்காலியிலிருந்து சரிந்தார். மேலாளர் மேசைக்கடியில் போய் இருமினார். கணவர் மட்டும் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாரும்மா அந்த ஆளு? அவன் பொண்டாட்டி பாவம்."

மேலாளர் கண்ணீரோடு மேலே வந்து, வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். "சார், போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றாள் அவள். ஒருத்தர் இருந்தார், அவர் கதையை அவர் மனைவி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள், அவர் டீயைக் குடித்துவிட்டு, யார் அந்த ஆள் என்று கேட்டார். அவ்வளவுதான் கதை.

ஒருவருக்கும் புரையேறவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள், இது அவன்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கணவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. "இதும்மா கதை" என்றார் மேலாளர். "யாரையும் குத்தல. இனிமே இந்த மாதிரியே சொல்லு, போய் வேலையைப் பாரு."

அப்படியே சொல்லிவருகிறாள். மேலாளருக்குத் தலை நரைத்துவிட்டது, கோட்டின் மோஸ்தர் எத்தனையோ முறை மாறிவிட்டது. ஆண்கள் சொந்த பந்தங்களையெல்லாம் அழைத்துவந்து அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துப் புரையேறுவது இப்போது பெண்களுக்குத்தான் என்பதால், தண்ணீர் ஜாடிகளெல்லாம் அவர்கள் மேசைக்குப் போய்விட்டன. மேலாளர் மட்டும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஜாடிகளைப் பார்த்து நின்று, "முன்னாடி இதெல்லாம் இங்க இல்லையே" என்கிறார்.